ஒரு யூரோவுக்குக் கைமாறிய அழகு: எம்வி அகுஸ்தா எஃப்4 மோட்டாரின் கதை

ஞாயிற்றுக்கிழமை காலையில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் பயணம் செய்தவர்கள் பார்த்திருப்பீர்கள். ஓய்வுத்தலத்தில் பத்துப் பதினைந்து பெரிய மோட்டார்கள் வரிசையாக நிற்கும். யமஹா, கவாசாகி, பிஎம்டபிள்யூ, டுகாட்டி என்று நமக்குத் தெரிந்த பெயர்கள்தான் அதிகம். எப்போதாவது ஒருமுறை சிவப்பும் வெள்ளிநிறமும் கலந்த ஒரு மோட்டார் அந்தக் கூட்டத்தில் நிற்கும். பின்பக்கம் சீட்டுக்கு அடியில் நான்கு புகைக்குழாய்கள் புல்லாங்குழல் போல அடுக்கியிருக்கும். அதைச் சுற்றி மட்டும் ஆட்கள் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அதுதான் இத்தாலியின் எம்வி அகுஸ்தா எஃப்4. உலகிலேயே மிக அழகான மோட்டார் எது என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதல் வரிசையில் வரும் பெயர். நம் நாட்டுக்கும் இந்த மோட்டாருக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 2004-ல் நம் தேசிய கார் நிறுவனமான புரோட்டோன் இந்த மோட்டாரைத் தயாரிக்கும் நிறுவனத்தின் பெரும்பங்கை 7 கோடி யூரோ கொடுத்து வாங்கியது. ஓராண்டு கழித்து அதே பங்கை ஒரே ஒரு யூரோவுக்கு விற்றது.

அந்த ஒரு யூரோவைப் பற்றி காப்பிக் கடையில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். ஆனால் அந்த மோட்டாரில் அப்படி என்னதான் இருந்தது என்று நிதானமாகப் பார்த்தவர்கள் குறைவு. அதைப் புரிந்துகொண்டால், இவ்வளவு சிறந்த ஒரு பொருளைச் செய்த நிறுவனம் ஏன் திரும்பத் திரும்பத் தடுமாறியது என்பதும் விளங்கும்.

விமானக் குடும்பத்தின் மோட்டார்

இத்தாலியின் வடக்கே, மிலான் நகருக்கு அருகில் வெர்கேரா என்றொரு சிற்றூர். அங்கே அகுஸ்தா குடும்பம் விமானம் செய்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலி தோற்றபின் அங்கே விமானத் தயாரிப்புக்குத் தடை வந்தது. தொழிலாளர்களுக்கு வேலை வேண்டும், இயந்திரங்கள் சும்மா கிடக்கக் கூடாது. ஆகவே 1945-ல் 98 சிசி மோட்டார் ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார்கள். ‘மெக்கானிக்கா வெர்கேரா’, அதாவது வெர்கேரா இயந்திரத் தொழிலகம் என்பதன் சுருக்கமே ‘எம்வி’.

குடும்பத் தலைவர் டொமெனிக்கோ அகுஸ்தாவுக்குப் பந்தயம் என்றால் உயிர். 1958 தொடங்கி 1974 வரை தொடர்ந்து 17 ஆண்டுகள் 500 சிசி பிரிவின் உலகச் சாம்பியன் பட்டத்தை எம்வி ஓட்டுநர்களே வென்றார்கள். ஜாகோமோ அகொஸ்தினி தம் வாழ்நாளில் வென்ற 15 உலகப் பட்டங்களில் 13 எம்வி மோட்டாரில் வந்தவை.

1971-ல் டொமெனிக்கோ காலமானார். ஜப்பானிய மோட்டார்கள் பந்தயத்திலும் சந்தையிலும் முந்தின. 1980-ஆம் ஆண்டு வாக்கில் எம்வி மோட்டார் தயாரிப்பே நின்றுபோனது. பெயர் மட்டும் மிஞ்சியது. 1990-களின் தொடக்கத்தில் அந்தப் பெயரை காஜிவா நிறுவனம் வாங்கியது. அதன் தலைவர் கிளாடியோ காஸ்திலியோனி. அவரிடம் ஏற்கெனவே டுகாட்டி நிறுவனமும் இருந்தது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, மாசிமோ தம்புரினி என்ற மனிதர் அவரிடம் இருந்தார்.

குழாய் வேலைக்காரர் வரைந்த மோட்டார்

தம்புரினி 1943-ல் கடற்கரை ஊரான ரிமினியில் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர் அல்லர். கட்டடங்களுக்கு வெப்பக் குழாய் அமைக்கும் தொழிலில் இருந்தவர். பியாங்கி, மோரி என்ற இரு கூட்டாளிகளோடு அவர் நடத்திய குழாய்த் தொழில்தான், மூவரின் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ‘பிமோட்டா’ என்று பெயர் பெற்றது.

1970-களின் தொடக்கத்தில் தம்முடைய ஹோண்டா 750 மோட்டாரில் மிசானோ பந்தயத் தடத்தில் விழுந்து விலா எலும்பை முறித்துக்கொண்டார். விழுந்தவர் யோசித்தார். இஞ்சின் நன்றாக இருக்கிறது. சட்டம்தான் அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. குழாயை வளைப்பதும் பற்றவைப்பதும் அவருக்குக் கைவந்த கலை. அந்த ஹோண்டா இஞ்சினுக்குத் தாமே ஒரு சட்டம் செய்தார். அதிலிருந்து பிமோட்டா ஒரு மோட்டார் நிறுவனமாகவே மாறியது.

1980-களின் நடுவில் காஜிவாவுக்கு வந்த தம்புரினி, சான் மரினோ என்ற குட்டி நாட்டில் அமைந்த ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். அங்கே பிறந்ததுதான் 1994-ன் டுகாட்டி 916. அது அழகிலும் பந்தயத்திலும் பெயர் வாங்கியது. 1996-ல் காஸ்திலியோனி டுகாட்டியின் பெரும்பங்கை அமெரிக்க முதலீட்டாளர்களிடம் விற்க நேர்ந்தது. டுகாட்டி கையைவிட்டுப் போனாலும் தம்புரினி காஸ்திலியோனியிடமே இருந்தார். அவர் அடுத்து முடித்த வேலைதான் எஃப்4. 1997 செப்டம்பரில் மிலான் கண்காட்சியில் அதன் திரையை விலக்கினார்கள். 1999-ல் விற்பனைக்கு வந்தது.

கப்சாயோடு ஒப்பிட்டால் புரியும்

இஞ்சினைப் பார்ப்போம். நம் வீட்டு வாசலில் நிற்கும் பழைய இஎக்ஸ்5 கப்சாயிலிருந்து தொடங்குவது எளிது.

இஎக்ஸ்5-ல் ஒரே சிலிண்டர், 97 சிசி. சிலிண்டரின் அகலம், அதாவது ‘போர்’, 50 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரமான ‘ஸ்ட்ரோக்’ 49.5 மில்லிமீட்டர். இரண்டும் ஏறத்தாழ சமம். ரப்பர் பால் வாளியைக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறவும், ஒரு லிட்டர் பெட்ரோலில் வெகுதூரம் போகவும் இந்த அமைப்பு தோது. திறன் ஏழெட்டு குதிரைத்திறன்தான்.

முதல் எஃப்4-ல் நான்கு சிலிண்டர், மொத்தம் 749 சிசி. போர் 73.8 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக் 43.8 மில்லிமீட்டர்தான். கவனியுங்கள், நம் கப்சாயைவிட இதன் ஸ்ட்ரோக் சிறியது! பிஸ்டன் அகலமாக, தட்டையாக இருக்கிறது. குறுகிய தூரம்தான் ஓடுகிறது.

ஏன் இப்படி? இஞ்சினின் திறன் என்பது ஒவ்வொரு வெடிப்பின் பலமும், நிமிடத்துக்கு எத்தனை வெடிப்பு என்பதும் சேர்ந்தது. சிசி-யைக் கூட்டாமல் திறனைக் கூட்ட வேண்டுமானால் இஞ்சினை வேகமாகச் சுழற்ற வேண்டும். எஃப்4 நிமிடத்துக்கு 12,500 சுற்றை ஒட்டித்தான் தன் முழுத் திறனையும் தருகிறது. அதாவது ஒரு விநாடிக்குள் பிஸ்டன் 208 முறை மேலே போய்க் கீழே வருகிறது. ஒவ்வொரு முறையும் நின்று, திசை மாறி, மறுபடி ஓட வேண்டும். ஸ்ட்ரோக் நீளமாக இருந்தால் அந்த வேகத்தில் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தாங்காது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 43.8 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கில் 12,500 சுற்றுக்குப் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 18 மீட்டர் அளவில் வருகிறது. அதே சிசி-யை இஎக்ஸ்5 போலப் போரும் ஸ்ட்ரோக்கும் சமமாக, அதாவது 62 மில்லிமீட்டராக வைத்திருந்தால், அதே சுற்றில் பிஸ்டனின் வேகம் விநாடிக்கு 26 மீட்டரை நெருங்கியிருக்கும். அப்படி ஓட்டினால் சாலையில் ஓடும் மோட்டாரின் இஞ்சின் நெடுநாள் நிலைக்காது.

விளைவு என்ன? 749 சிசி-யில் 126 குதிரைத்திறன். லிட்டர் கணக்கில் சொன்னால் ஒரு லிட்டருக்கு 168. கப்சாய் ஒரு லிட்டருக்கு 80-ஐ எட்டினாலே பெரிய காரியம்.

சாய்ந்து நிற்கும் வால்வுகள்

அகலமான பிஸ்டனுக்கு ஒரு சிக்கல் உண்டு. அதற்கு மேலே இருக்கும் எரியறையும் அகலமாகிவிடும். அறை பரந்து கிடந்தால் தீ எல்லா மூலைக்கும் போய்ச் சேர நேரமாகும். எரியாத பெட்ரோல் வீணாகும். ஆகவே அறையைக் கச்சிதமாக வைத்துக்கொண்டே பெரிய வால்வுகளைப் பொருத்த வேண்டும்.

சாதாரண நான்கு வால்வு இஞ்சினில், பெட்ரோல்-காற்றுக் கலவை உள்ளே வரும் இரண்டு வால்வுகளும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும். புகை வெளியேறும் இரண்டும் அப்படியே. எஃப்4-ல் நான்கு வால்வுகளும் எரியறையின் நடுவிலிருந்து பூவிதழ் விரிவது போல ஆளுக்கொரு பக்கம் சற்றே சாய்ந்து நிற்கின்றன. இதைத்தான் ‘ரேடியல் வால்வு’ என்கிறார்கள். இதனால் எரியறை ஒரு சிறு கிண்ணம் போலக் கச்சிதமாகிறது. தீ சீராகப் பரவுகிறது. இந்த இஞ்சினின் தொடக்க ஆய்வுக் காலத்தில் ஃபெராரி நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவி கிடைத்தது. ரேடியல் வால்வு யோசனையும் அந்தப் பக்கத்தில் இருந்து வந்ததே.

கேட்க நன்றாக இருக்கிறது. செய்வது சுலபமா? வால்வு சாய்ந்து நிற்கிறது. அதை அழுத்தும் கேம்ஷாஃப்டோ நேராகச் சுழல்கிறது. ஆகவே கேமின் மேடுகளையும் அதே சாய்வுக்குச் சீவித் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு இஞ்சினுக்கும் பதினாறு வால்வுகள். நேரமும் செலவும் எங்கே போகிறது என்று பாருங்கள்.  

கியர்பாக்ஸிலும் ஒரு பந்தயப் பழக்கம் தெரிகிறது. நம் ஊர் மெக்கானிக்கிடம் கியர் பல்லை மாற்றக் கொடுத்தால் இஞ்சினை இறக்கி, இரண்டாகப் பிளந்து, அரை நாள் வேலை என்பார். எஃப்4-ல் கியர்கள் முழுவதையும் ஒரு பக்கத்திலிருந்து பெட்டி போல உருவி எடுத்துவிடலாம். பந்தயத் தடத்துக்கு ஏற்பக் கியர் விகிதத்தைச் சட்டென்று மாற்றுவதற்கான ஏற்பாடு அது.

அழகுக்குள் இருக்கும் வேலை

தம்புரினியின் கைவண்ணம் வெளித்தோற்றத்தில் தெரிகிறது. ஆனால் அவர் வரைந்த பெரும்பாலான கோடுகளுக்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு.

முன்விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பல மோட்டார்களில் இரண்டு விளக்குகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எஃப்4-ல் ஒன்றின்மேல் ஒன்று. அதனால் முகம் ஒடுங்குகிறது. காற்றைக் கிழிக்க வசதி.

நான்கு புகைக்குழாய்களும் சீட்டுக்கு அடியில் முடிகின்றன. பக்கத்தில் தொங்கும் எக்ஸோஸ்ட் இல்லாததால் வளைவில் எவ்வளவு சாய்ந்தாலும் தரையில் உரசாது. பின் சக்கரத்தின் ஒரு பக்கம் முழுவதும் திறந்து கிடக்கும். அந்தச் சக்கரத்தைத் தாங்குவது ஒற்றைக் கை போன்ற ஸ்விங்ஆர்ம். காரில் மாற்றுவது போல நடு நட்டைக் கழற்றினால் சக்கரம் வந்துவிடும், செயினைத் தொட வேண்டியதில்லை. நீண்ட நேரப் பந்தயங்களில் நிமிடங்களை மிச்சப்படுத்தப் பிறந்த முறை இது.

சட்டம் இரண்டு பொருள்களின் கலவை. முன்பக்கம் எஃகுக் குழாய்களைப் பந்தல் போலப் பின்னிச் செய்தது. பின்பக்கம், ஸ்விங்ஆர்ம் சேரும் இடத்தில், வார்ப்பு அலுமினியத் தகடுகள். குழாய்ப் பின்னல் கனமில்லாமல் உறுதி தருகிறது. வார்ப்புத் தகடு சிக்கலான வடிவத்தை ஒரே துண்டாகத் தருகிறது. முதலில் வந்த 300 மோட்டார்களுக்கு ‘செரியே ஓரோ’, அதாவது தங்க வரிசை என்று பெயர். அவற்றில் அந்த உறுப்புகளை அலுமினியத்துக்குப் பதில் அதைவிட இலேசான மெக்னீசியத்தில் வார்த்து, தங்க நிறம் பூசியிருந்தார்கள்.

இவற்றுக்கெல்லாம் விலையும் உண்டு. ஒற்றைக் கை ஸ்விங்ஆர்ம் இரட்டைக் கை அளவுக்கு முறுக்கைத் தாங்க வேண்டுமானால் அதைக் கனமாகச் செய்ய வேண்டும். சீட்டுக்கு அடியில் ஓடும் புகைக்குழாய் ஓட்டுபவரின் தொடையை வேகவைக்கும். மிலானின் குளிரில் அது சுகமாக இருக்கலாம். கோலாலம்பூரின் மதிய வெயிலில், சிவப்பு விளக்கில் நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஓட்டத்தில் எப்படி?

முதல் எஃப்4 மணிக்கு 275 கிலோமீட்டர் அளவுக்குப் போகும் என்று நிறுவனம் சொன்னது. பெட்ரோலும் மற்ற திரவங்களும் இல்லாமல் எடை 180 கிலோவை ஒட்டியது. சோதித்துப் பார்த்தவர்கள் ஒருமுகமாகப் பாராட்டியது அதன் வளைவு ஓட்டத்தை. நினைத்த கோட்டில் மோட்டார் போகும், நடு வளைவில் தள்ளாடாது, முன் சக்கரம் என்ன செய்கிறது என்று கைக்குத் தெரியும் என்பார்கள். அன்று விழுந்து விலா முறித்த மனிதர் முப்பது ஆண்டு தேடிய பதில் அது.

ஆனால் காலம் ஒத்துழைக்கவில்லை. எஃப்4 கடைக்கு வரும் முன்பே, 1998-ல் யமஹா தன் முதல் ஆர்1-ஐ இறக்கிவிட்டது. 998 சிசி, 150 குதிரைத்திறன், 177 கிலோ. அதாவது இத்தாலிய மோட்டாரைவிடத் திறன் அதிகம், எடை அதைவிட அதிகமில்லை, விலையோ பாதி அளவுதான். வாங்குபவர்களின் பார்வை 750 சிசி-யை விட்டு 1000 சிசி-க்குத் தாவியது. எஃப்4 பத்தாண்டு உழைத்துச் செய்த இஞ்சின் பிறந்த அன்றே ஒரு படி கீழே நின்றது.

எம்வி சும்மா இருக்கவில்லை. 2004 வாக்கில் எஃப்4 1000 வந்தது. 166 குதிரைத்திறன். தம்புரினியின் பெயரிலேயே 300 மோட்டார்கள் மட்டும் கொண்ட ஒரு வரிசையும் வந்தது. காற்று உள்ளே இழுக்கும் குழல்கள் சுற்றுக்கு ஏற்ப நீண்டும் குறுகியும் மாறுவது அதன் சிறப்பு. பிறகு வந்த எஃப்4 312ஆர், 183 குதிரைத்திறனோடு மணிக்கு 312 கிலோமீட்டர் போகும் என்ற கணக்கைத் தன் பெயரிலேயே சுமந்து வந்தது. எஃப்4 1000 போன்ற மோட்டார் முதல் கியரிலேயே நம் நெடுஞ்சாலையின் 110 கிலோமீட்டர் வரம்பைத் தாண்டிவிடும். மீதம் ஐந்து கியர்களையும் முழுதாகப் பயன்படுத்த செப்பாங் போன்ற பந்தயத் தடத்தில்தான் இடமுண்டு.

புரோட்டோன் வந்தது, போனது

இந்த நேரத்தில்தான் புரோட்டோன் உள்ளே வருகிறது. எம்வி குழுமம் அப்போது கடனில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. 2004 டிசம்பரில் புரோட்டோன் அதன் 57.75 விழுக்காட்டுப் பங்கை 7 கோடி யூரோவுக்கு வாங்கியது. அன்றைய மதிப்பில் அது 35 கோடி வெள்ளிக்கு மேல். எம்வியின் இஞ்சின் அறிவும் வடிவமைப்புத் திறனும் நம் கார்களுக்குப் பயன்படும், ஐரோப்பாவில் ஒரு பெயர் கிடைக்கும் என்பது அப்போதைய நிர்வாகத்தின் வாதம்.

2005-ல் புரோட்டோனின் தலைமை மாறியது. கார் விற்பனையும் சரிந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு இறுதியில் புதிய நிர்வாகம் அதே பங்கை இத்தாலியின் ஜெவி என்ற நிறுவனத்துக்கு ஒரு யூரோவுக்குக் கொடுத்தது. அன்றைய நம் காசில் நாலரை வெள்ளி. இரண்டு ரொட்டி சானாயும் ஒரு தே தாரிக்கும் வாங்கலாம். எம்வியின் கடன் சுமை நம்மேல் விழாமல் தப்பிக்க இதுவே வழி என்பது அவர்கள் சொன்ன காரணம்.

புரோட்டோனின் ஆலோசகராக இருந்த முன்னாள் பிரதமர் மகாதீர் இதைக் கடுமையாகக் கேள்வி கேட்டார். அந்தக் குழுமத்தில் ஹஸ்க்வர்னா என்ற புகழ்பெற்ற மோட்டார் நிறுவனமும் சேர்ந்திருந்தது. 2007-ல் அதை மட்டும் தனியாக பிஎம்டபிள்யூ வாங்கிக்கொண்டது. அதன் விலை 9 கோடி யூரோவுக்கு மேல் என்று செய்தி வந்தபோது கேள்விகள் இன்னும் வலுத்தன.

இது யாருடைய பணம்? அப்போது புரோட்டோனின் மிகப் பெரிய பங்குதாரர் அரசாங்கத்தின் கசானா நிறுவனம். ஊழியர் சேமநிதியான இபிஎஃப்-பும் அதில் பங்கு வைத்திருந்தது. தோட்டத்தில் பால் மரம் வெட்டியவரின் சம்பளத்திலும், பட்டணத்துத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்த்தவரின் சம்பளத்திலும் மாதாமாதம் பிடித்த பணத்தைச் சேர்த்து வைக்கும் நிதி அது. ஆகவே இத்தாலியில் வரைந்த ஒரு மோட்டார் நமக்குச் சம்பந்தமில்லாத பணக்காரர் பொம்மை என்று ஒதுக்கிவிட முடியாது. சில காலம் நாமும் அதற்குச் சிறு பங்குதாரர்களாக இருந்தோம்.

தடுமாறியது நாம் மட்டுமா?

நம்மவர்கள் மட்டும் ஏமாந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 2008-ல் அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் எம்வியை வாங்கியது. கடனை அடைப்பதையும் சேர்த்து ஏறத்தாழ 7 கோடி யூரோ. நூறாண்டு மோட்டார் அனுபவம் உள்ள நிறுவனம். அதுவும் 2010-ல் கையை விரித்து, பெயரளவுத் தொகைக்கு காஸ்திலியோனியிடமே திருப்பிக் கொடுத்தது. மறு ஆண்டே காஸ்திலியோனி காலமானார். தம்புரினி 2014 ஏப்ரலில் மறைந்தார். 2018-ல் ‘எஃப்4 கிளாடியோ’ என்ற பெயரில் 100 மோட்டார்களை மட்டும் செய்து, எஃப்4 வரிசைக்கு விடை கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் நிறுவனம் ரஷ்ய முதலீட்டாளர், ஆஸ்திரியாவின் கேடிஎம் என்று கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

மோட்டார் குறையில்லாதது. நிறுவனம் மட்டும் ஏன் நிற்கவில்லை? மேலே பார்த்த ஒவ்வொரு சிறப்பையும் மறுபடி எண்ணிப் பாருங்கள். சாய்வாகத் தேய்க்க வேண்டிய கேம், உருவி எடுக்கும் கியர்பெட்டி, இரு பொருளில் செய்த சட்டம், நான்கு புகைக்குழாய். எல்லாம் செலவு. அந்தச் செலவை லட்சக்கணக்கான மோட்டார்களில் பங்கிட்டால் ஒன்றுக்குச் சில வெள்ளிதான் வரும். சில ஆயிரம் மோட்டார்களில் பங்கிட்டால் ஒவ்வொன்றின் தலையிலும் பாறையாக விழும். யமஹாவுக்குக் கப்சாய் விற்ற காசு ஆர்1-ஐத் தாங்கியது. எம்விக்கு அப்படித் தாங்க அன்றாட மோட்டார் எதுவும் இல்லை.

அப்படியானால் புரோட்டோன் வாங்கியது தவறா, விற்றது தவறா? இரு பக்கமும் பேச ஆள் உண்டு. வாங்கியதை ஆதரிப்பவர்கள், ஓர் ஆண்டில் எந்தத் தொழில்நுட்பமும் கைக்கு வராது, பொறுத்திருக்க வேண்டும் என்கிறார்கள். விற்றதை ஆதரிப்பவர்கள், சொந்த வீட்டுக் கூரை ஒழுகும்போது அடுத்த வீட்டுக் கடனை யார் சுமப்பது என்கிறார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்று மட்டும் தெளிவு. ரேடியல் வால்வை வரைந்த கையும், அதைத் தேய்க்கத் தெரிந்த கையும் சான் மரினோவிலும் வரேசேயிலுமே இருந்தன. பங்குப் பத்திரம் கோலாலம்பூருக்கு வந்தது. அந்தக் கைகள் வரவில்லை. நம் பிள்ளைகளில் சிலரை அங்கே அனுப்பி, பக்கத்தில் நின்று கற்க வைக்கக்கூட ஓர் ஆண்டு போதாது.

தம்புரினி கற்றது எப்படி என்பதை இங்கே நினைத்துக்கொள்வது நல்லது. குழாய் வேலை செய்தார். மோட்டார் ஓட்டி விழுந்தார். ஏன் விழுந்தோம் என்று கேட்டார். தாமே ஒரு சட்டம் செய்து பார்த்தார். நம் தாமான்களிலும் தோட்டங்களிலும் பிளாக்கைப் ‘போர்’ அடித்து, கார்புரேட்டரைப் பிரித்து மாட்டி, ஒரு சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் இளைஞர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களை ‘ரெம்பிட்’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது எளிது. அந்தக் கையையும் காதையும் ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பி, போர், ஸ்ட்ரோக் கணக்கைக் கற்றுக்கொடுத்தால் என்ன ஆகும் என்று பெற்றோர் ஒருமுறை யோசிக்கலாம்.

அடுத்த முறை ஓய்வுத்தலத்தில் அந்த நான்கு குழாய் மோட்டாரைக் கண்டால் படம் மட்டும் எடுத்துக்கொண்டு நகர வேண்டாம். உடன் இருக்கும் பிள்ளையைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சட்டத்தைக் காட்டி, இதை வரைந்தவர் குழாய் வேலைக்காரர் என்று சொல்லுங்கள். இந்த நிறுவனம் ஓர் ஆண்டு நம்முடையதாக இருந்தது என்பதையும் சொல்லுங்கள். ஏன் நம் கையில் நிற்கவில்லை என்று அந்தப் பிள்ளை கேட்டால், பேசிக்கொண்டே ஊர் போய்ச் சேரலாம்.